“புற்றுநோய் டாக்டர் தேவை” – ஒரு விளம்பரமும் ஒன்பது நிபந்தனைகளும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாட்டுங்காவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். செம்பூர் அண்ணாச்சி எதிரே வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. வேலைக்குக் கூப்பிடுதானா, விரட்டுதானான்னு எனக்குப் புரியலை” என்றார்.

அண்ணாச்சி நெல்லைச் சீமைக்காரர். செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள். அந்தப் பெண் எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி. முடித்து, அதற்கும் மேலே புற்றுநோய் மருத்துவத்தில் டி.எம். பட்டமும் வாங்கிவிட்டார். இப்போது வயது 32. மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறார். சொந்த ஊர்ப் பக்கம் ஒரு நல்ல இடம் கிடைத்தால் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பு.

டாக்டர் வேலை விளம்பரத்தை என்னிடம் ஏன் காட்ட வேண்டும்? ரயில்வே குமாஸ்தா என்றால் நோட்டிபிகேஷன் படிக்கத் தெரியும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ‘அவசியம்’ என்ற சொல்லுக்கும் ‘இருந்தால் நல்லது’ என்ற சொல்லுக்கும் உள்ள தூரம் எங்களுக்குத் தெரியும். ‘தகுதியுள்ளவர்களுக்குத் தளர்த்தப்படும்’ என்ற வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண் தானாகத் தேடும். அந்த வரி இந்த விளம்பரத்தில் இல்லை.

விளம்பரம் தென் தமிழ்நாட்டில் ஒரு நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியுடையது. பெயர் இங்கே தேவையில்லை. புற்றுநோய்ப் பிரிவுக்கு ஒரு டாக்டர் வேண்டும். டி.எம். பட்டம் மட்டுமே ஏற்கப்படும். வயது 35-க்கு மேற்படக் கூடாது. பட்டத்துக்குப் பிறகு 5 வருட அனுபவம் வேண்டும். தமிழ் எழுத, படிக்க, பேசத் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும். வெளியில் பிராக்டீஸ் கூடாது. கதிர்வீச்சுப் பிரிவையும் கவனித்துக்கொள்ள வேண்டும். சொந்தமாக நோயாளிகள் வட்டம் உள்ளவராக இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம், அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும்.

கடைசி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒன்பது நிபந்தனை. எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக. எது நோயாளிக்காக, எது முதலாளிக்காக என்று பிரித்துக் காட்ட ஒரு கோடு கூடக் கிடையாது.

அண்ணாச்சிக்கு ஆத்திரம் வந்தது மூன்று கிலோமீட்டர் மேலும், வெளியில் பிராக்டீஸ் கூடாது என்பதன் மேலும்தான். “பன்னிரண்டு வருஷம் படிச்ச பிள்ளையைக் கூண்டுக்குள்ள அடைக்கப் பார்க்கான்” என்றார். மற்றதெல்லாம் எங்கும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டார்.

எனக்கு நேர் எதிராகப் பட்டது. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமைக் காய்ச்சல்

பெரியப்பா தாராவியில் தோல் வேலை. வாயில் பாக்கும் புகையிலையும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. கன்னத்தின் உள்பக்கம் புண் வந்தது. ஆறவில்லை. சதையை எடுத்துச் சோதனை செய்தார்கள். ரிப்போர்ட் கொடுத்தவர் இந்தியில் “பாசிட்டிவ் ஆயா ஹை” என்றார். பாசிட்டிவ் என்றால் நல்லது என்று அவருக்குத் தெரிந்த அர்த்தம். தொண்ணூறடி ரோட்டுப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் நான் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம், அலைய முடியாது என்று, புறநகரில் ‘கேன்சர் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போர்டு போட்டிருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனார்கள். டாக்டர் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வருவார். நல்ல டாக்டர் என்றுதான் சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள், சனிக்கிழமை இரவு, உடம்பு கொதித்தது. தூக்கிக்கொண்டு போனோம். பணியில் இருந்தவர் காய்ச்சல் மாத்திரை கொடுத்து, “செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவார், காட்டுங்கள்” என்று அனுப்பிவிட்டார். ஞாயிறு இரவு நினைவு தப்பியது. வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். திங்கட்கிழமை விடியற்காலை போய்விட்டார்.

அந்தக் காய்ச்சல் என்ன என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அண்ணாச்சியின் மகள்தான் பிற்பாடு விளக்கினார். கீமோ மருந்து புற்றுநோயை மட்டும் அடிப்பதில்லை. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களையும் சேர்த்து அடிக்கிறது. மருந்து ஏற்றிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் அந்த அணுக்கள் மிகவும் இறங்கிப்போகும். அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. நோயாளி வாசலுக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்தை ஊசி வழியாக ஏற்ற வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால், இந்த ஒரு விஷயத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, டாக்டர் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று ஓர் ஆஸ்பத்திரி கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. பெரியப்பா போன இடத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லாமல்தான் போயிற்று.

அடையாறில் எழுதப்படாத நிபந்தனை

அண்ணாச்சியிடம் அடையாறு கதையைச் சொன்னேன். சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே சிகிச்சை அளித்தார். மறு வருடம் ஏப்ரலில் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அவர் அப்போதுதான் பெண்கள் மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர். பப்ளிக் சர்வீஸ் கமிஷன் மூலம் பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அரசு வேலை கிடைத்திருந்தது. அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு இங்கே வந்தார். முதல் மூன்று வருடம் சம்பளமே கிடையாது. பிறகு மாதம் 200 ரூபாயும், ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இருக்க ஓர் இடமும் கொடுத்தார்கள். 2005-ல் மகசேசே விருது பெற்றார். 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த ஆஸ்பத்திரிதான் அவருக்கு வீடு. வெளியில் பிராக்டீஸ் என்ற பேச்சே கிடையாது.

வளாகத்துக்குள் குடியிருக்க வேண்டும், இருநூறு ரூபாய்தான் தருவோம், வெளியில் பார்க்கக் கூடாது என்று இன்றைக்கு ஒரு விளம்பரம் வந்தால் ஊர் சிரிக்கும். ஆனால் நம்மவர்கள் தாராவியிலிருந்து ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயில் ஏறி அந்த ஆஸ்பத்திரியைத் தேடிப் போகிறார்கள். (இடையில் ஒரு ரயில்வே தகவல்: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணமும் சலுகை. துணைக்குப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். இதைக் கேட்காமல் முழுக் கட்டணம் கட்டிப் போகிறவர்களைக் கவுண்டரில் நிறையப் பார்க்கிறோம்.)

வெளியில் பிராக்டீஸ் கூடாது என்பதும் புதிதல்ல. மத்திய அரசு டாக்டர்களுக்கு, எங்கள் ரயில்வே டாக்டர்கள் உட்பட, அதற்கென்றே தனிப் படி உண்டு. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம். வெளியே பார்க்காதே என்று சொல்கிறவன் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது அதிலுள்ள நியாயம். விளம்பரத்தில் அந்த ஈடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. “சம்பளம்: பேசித் தீர்மானிக்கப்படும்” என்று மட்டும் இருந்தது.

மகள் அன்று மாலை போனில் பேசினார். மூன்று கிலோமீட்டர் அவருக்கு ஒரு பிரச்சினையாகவே இல்லை. “பக்கத்துல இருக்கேன் அண்ணே. ஆனா நான் தூங்குறப்ப யாரு முழிச்சிருப்பா? அதைக் கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

சரியான கேள்வி. மூன்று டாக்டர்கள் முறை வைத்துப் பார்க்கும் இடத்தில் பக்கத்தில் குடியிருக்கச் சொல்வது ஒரு ஏற்பாடு. ஒரே டாக்டரை வைத்துக்கொண்டு பக்கத்தில் குடியிருக்கச் சொன்னால், அவரை வருடம் 365 நாளும் டியூட்டியில் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். களைத்துப்போன டாக்டரால் பெரியப்பாவைப் போன்றவர்களுக்கு லாபமில்லை. நிபந்தனை ஒன்றுதான். பின்னால் எத்தனை ஆள் என்பதை வைத்து அது நல்லதாகவும் ஆகலாம், பொறியாகவும் ஆகலாம்.

ஆறு மாதக் கணக்கு

பார்க்கச் சாதாரணமாக இருக்கும் நிபந்தனை வயதும் அனுபவமும். அண்ணாச்சி இதைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் காப்பிக் கடை பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

பிளஸ் டூ முடிக்கும்போது வயது 18 என்று வையுங்கள். எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருடம். எம்.டி. மூன்று வருடம். டி.எம். மூன்று வருடம். மொத்தம் பதினொன்றரை. எங்கேயும் ஒரு நாள் வீணாகாமல், ஒவ்வொரு நுழைவுத் தேர்விலும் முதல் தடவையே இடம் கிடைத்தால், டி.எம். கையில் வரும்போது வயது இருபத்தொன்பதரை. அதன் மேல் 5 வருட அனுபவம் சேர்த்தால் முப்பத்து நாலரை. உச்சவரம்போ 35. மிச்சம் ஆறு மாதம்!

இந்தியாவில் பிரசவ விடுப்பு 2017 முதல் 26 வாரம். அந்த ஆறு மாதம் அதற்கே சரியாகிவிடும். நுழைவுத் தேர்வை இரண்டாம் தடவை எழுதியவர் யாருக்கும் இங்கே இடமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாம் தடவைதான்.

இப்படி இரண்டு நிபந்தனைகள் ஒன்றையொன்று இடுக்கிப் பிடிக்கிற இடத்தில் குமாஸ்தாவுக்கு இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, யாரோ ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அரசு, டிரஸ்ட் வேலைகளில் இதை அடிக்கடி கேள்விப்படுகிறோம். பெயரை மட்டும் போடாமல், அவருடைய பிறந்த தேதியையும் அனுபவத்தையும் விளம்பரமாக எழுதிவிடுவது. இன்னொன்று, யாரும் பொருந்த மாட்டார்கள் என்று தெரிந்தே போடுவது. வருகிறவரிடம் “உங்களுக்கு அனுபவம் போதாது, இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம்” என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கலாம் அல்லவா? தனியார் இடங்களில் இரண்டாவதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

டி.எம். ‘மட்டுமே’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புற்றுநோய் மருத்துவத்துக்கென்று இந்தியாவில் டி.எம். படிப்பு வந்ததே 1984-ல், அதே அடையாறில்தான். அதற்கு முன்னால் இந்த நோய்க்கு மருந்து கொடுத்த பெரிய டாக்டர்கள் யாருக்கும் அந்தப் பட்டம் கிடையாது. இன்று தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி. பட்டமும் இருக்கிறது. 500 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியிலோ, மருத்துவக் கல்வி நிறுவனத்திலோ படித்து வாங்கிய அந்தப் பட்டம் எல்லா வகையிலும் சமமானது என்று 2019-ன் தேசிய மருத்துவக் கமிஷன் சட்டமே சொல்கிறது. வேறு இடத்தில் படித்தவர் பாடம் நடத்தப் போனால்தான் மேற்கொண்டு ஒரு வருடம் மருத்துவக் கல்லூரியில் பணி செய்ய வேண்டும். பாடம் நடத்தாத ஆஸ்பத்திரி இதை ஏன் ஒதுக்குகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. பழைய விளம்பரத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

எந்த ஸ்பெஷலிஸ்ட்?

பட்டம் பற்றிய பேச்சு டாக்டர்களுக்கு மட்டும் உரியது என்று நம்மவர்கள் நினைக்கக் கூடாது. போர்டில் ‘கேன்சர் ஸ்பெஷலிஸ்ட்’ என்று இருந்தால், கீழே சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். கத்தி வைக்கிறவர் எம்.சி.எச். மருந்து ஏற்றுகிறவர் டி.எம். நம் ஜனங்கள் ‘கரண்டு வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை செய்கிறவர் அதற்கென்றே எம்.டி. படித்தவர். அவரிலும் பலர் மருந்து ஏற்றுவது உண்டு. மூன்றும் மூன்று படிப்பு.

அதனால்தான் “கதிர்வீச்சுப் பிரிவையும் கவனித்துக்கொள்ள வேண்டும்” என்ற வரியைப் படித்ததும் மகள் அதிர்ந்துபோனார். “அது என் படிப்பே இல்லை அண்ணே. நான் அந்த மெஷினைத் தொடக் கூடாது.”

செம்பூர்க்காரர்களுக்கு இந்த விஷயம் பக்கத்து வீட்டுச் சமாசாரம். கதிர்வீச்சு இயந்திரங்களுக்கு அனுமதி கொடுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், 1983-ல் ஏற்பட்டது, அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. நம்மவர் பலர் அந்தப் பக்கம் தினமும் பஸ்ஸில் போய் வருகிறோம். கதிர்வீச்சு டாக்டர், மருத்துவ இயற்பியல் படித்தவர், பாதுகாப்பு அதிகாரி, இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன் என்று உரிய ஆட்கள் இல்லாமல் சிகிச்சை நடத்த அந்த வாரியம் அனுமதிக்காது. ஆஸ்பத்திரி வேலைக்கு எதற்கு எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் கேட்கிறார்கள் என்று சிலர் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். எத்தனை கதிர், எந்த இடத்தில், எத்தனை ஆழத்தில் என்று கணக்குப் போடுகிறவர் அவர்தான். கணக்கு கொஞ்சம் தவறினாலும் நல்ல சதை வெந்துபோகும். அந்த இயற்பியல்காரர்களைப் பல பத்தாண்டுகளாகப் பயிற்றுவித்து அனுப்புவதும் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம்தான்.

பரேல் டாடா ஆஸ்பத்திரி வேலை விளம்பரத்தின் தலையில் ‘அணுசக்தித் துறை’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, “கேன்சருக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று தாராவியில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டதுண்டு. சம்பந்தம் இந்தக் கதிர்வீச்சுதான். 1941 பிப்ரவரி 28-ல் டாடா அறக்கட்டளை திறந்த அந்த ஆஸ்பத்திரி 1957-ல் சுகாதார அமைச்சகத்தின் கைக்குப் போயிற்று. 1962-ல் அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. எங்கள் ரயில்வே வாரணாசியில் வைத்திருந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியும் 2018 முதல் டாடா நிர்வாகத்தில், ஹோமி பாபா பெயரில் நடக்கிறது. ஆகவே விளம்பரத்தில் விசித்திரமாகத் தெரிவதெல்லாம் விசித்திரம் அல்ல. பின்னால் ஒரு காரணம் இருக்கும். ஆனால் மருந்து ஏற்றும் டாக்டரை மெஷின் பிரிவையும் பார்க்கச் சொல்வதற்கு அப்படி எந்தக் காரணமும் கிடையாது. ஒரு சம்பளத்தில் இரண்டு ஆள் வேலை வாங்குவதுதான். அந்தக் கணக்கில் நோயாளியின் சதையும் சேர்ந்து போகிறது.

தமிழ் தெரியுமா?

தமிழ் எழுத, படிக்க, பேச வேண்டும் என்ற நிபந்தனையில் அண்ணாச்சி தலை குனிந்துகொண்டார். மகள் செம்பூரில் இங்கிலீஷ் மீடியம். பள்ளியில் இந்தியும் மராத்தியும் படித்தார். வீட்டில் பேசுவது நல்ல நெல்லைத் தமிழ். எழுதத் தெரியாது. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

மும்பைத் தமிழர் பல வீடுகளில் இதுதான் நிலைமை. இங்கே மாநகராட்சி வேலை விளம்பரங்களில் பத்தாம் வகுப்பில் 100 மார்க் மராத்திப் பாடம் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை சர்வசாதாரணம். அதைப் பார்த்து நம்மவர்கள் முணுமுணுப்பார்கள். தமிழ்நாட்டிலோ 2021 டிசம்பரில் போட்ட ஆணைப்படி அரசு வேலைத் தேர்வு எழுதுகிறவர் எல்லோரும் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் வாங்க வேண்டும். 2023-ல் அதற்குச் சட்டத் திருத்தமும் வந்துவிட்டது. அதைக் கேட்டால் அதே நம்மவர்கள், “அது நியாயந்தானே!” என்பார்கள். தராசு ஒன்றாக இருக்க வேண்டாமா? நடுவில் மாட்டிக்கொள்வது இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்.

பேசத் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. அந்தத் தேங்காய்தான் ஞாபகம் வருகிறது. புற்றுநோய் டாக்டர் சொல்ல வேண்டிய வார்த்தைகள் மற்ற டாக்டர்களுடையதைப் போல அல்ல. இது இன்ன நோய், இவ்வளவு முற்றியிருக்கிறது, இந்த மருந்தால் முடி கொட்டும், காய்ச்சல் வந்தால் விடியும் வரை காத்திருக்காதே என்பதையெல்லாம் ஒரு தோல் தொழிலாளிக்கு அவன் வீட்டுப் பாஷையில் சொல்ல வேண்டும். மும்பையில் உள்ள டாக்டர் தமிழ், தெலுங்கு, போஜ்புரி எல்லாம் கற்க முடியாது. சொல்லித் தர ஓர் ஆளையாவது பக்கத்தில் நிறுத்தலாம்.

ஆனால் எழுதத் தெரிய வேண்டும் என்பதைத் தனியார் ஆஸ்பத்திரி ‘அவசியம்’ என்ற வரிசையில் வைக்க வேண்டியதில்லை. ‘இருந்தால் நல்லது’ என்று போட்டிருக்கலாம். மருந்துச் சீட்டை எந்த டாக்டரும் தமிழில் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

நோயாளி வட்டம்

இனி மிச்சமுள்ள இரண்டு. ‘சொந்தமாக நோயாளிகள் வட்டம் உள்ளவர்.’ டி.எம். முடித்து ஒன்றரை வருடமான ஒரு பெண்ணுக்கு, அதுவும் மும்பையில் இருப்பவருக்கு, தென் தமிழ்நாட்டில் நோயாளி வட்டம் எங்கிருந்து வரும்? ஊரில் உள்ள சின்ன டாக்டர்கள் அனுப்பினால்தான் வரும். அவர்கள் ஏன் அனுப்புவார்கள்? மும்பையில் இதற்கு ‘கட்’ என்று பெயர். அனுப்புகிறவருக்கு ஒரு பங்கு. நோயாளியை அனுப்புவதற்காகக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002-ன் மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளின்படி தவறு. மகாராஷ்டிர அரசு இதைத் தடுக்க 2017-ல் ஒரு சட்ட வரைவு கூடத் தயாரித்தது. விளம்பரத்தில் கமிஷன் என்ற சொல் இல்லைதான். இருந்தாலும் காய்கறிக் கடைக்கு ஆள் எடுப்பதுபோல வாடிக்கையாளரைக் கொண்டு வா என்று கேட்டால், டாக்டரின் கண் ரிப்போர்ட்டை விட்டுவிட்டு எண்ணிக்கைக்குப் போய்விடும். ஒன்பதில் எனக்கு மிகவும் பயமாக இருந்தது இதுதான்.

ஒப்பந்தம் பற்றி நம்மவர்களிடையே ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. ‘பாண்டு’ எழுதி வாங்குவது சட்டப்படி செல்லாது என்பார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. அரசுப் பணத்தில் உயர்படிப்புப் படித்த டாக்டர்களிடம் மாநிலங்கள் கட்டாயச் சேவை ஒப்பந்தம் வாங்கலாம் என்று 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 மே மாதம் ஒரு வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆகவே தொகை எவ்வளவு என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. தொகை நியாயமாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

ஆனால் அசல் சான்றிதழ் வேறு விஷயம். பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியது. பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அது அடகுக் கடை. சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

போனில் வந்த பதில்

விளம்பரத் துண்டில் பென்சிலால் நாலு இடத்தில் கோடு போட்டு அண்ணாச்சியிடம் கொடுத்தேன். திங்கட்கிழமை மகளே அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். நிர்வாக அலுவலர் மரியாதையாகத்தான் பேசினாராம்.

ஐந்து வருட அனுபவம் இல்லையே என்றதற்கு, “நீங்க வாங்க மேடம், பேசிக்கலாம்” என்றார். நான் சொன்ன இரண்டாவது சந்தேகம் என்று அண்ணாச்சியிடம் சொல்லி வைத்தேன். கதிர்வீச்சு பற்றிய வரி பழைய விளம்பரத்திலிருந்து தவறாக ஒட்டிக்கொண்டதாம், அதற்குத் தனி டாக்டர் இருக்கிறாராம். சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார். நோயாளி வட்டம் பற்றிக் கேட்டபோது, “அது மேனேஜ்மென்ட் கேட்கும்” என்று நிறுத்திக்கொண்டார்.

இரவில் யார் என்ற கேள்விக்குத்தான் கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: இரண்டு ஜூனியர் டாக்டர்கள் இருக்கிறார்கள். இன்னொரு ஸ்பெஷலிஸ்ட் இடம் ஒரு வருடமாகக் காலி.

மகள் இரண்டு விஷயம் எழுத்தில் கேட்டிருக்கிறார். காய்ச்சலோடு வரும் கீமோ நோயாளியை எந்த நேரமானாலும் அந்த ஜூனியர் டாக்டர்கள் உடனே சேர்த்து மருந்து ஏற்ற வேண்டும், அதற்கான மருந்து வார்டிலேயே இருக்க வேண்டும் என்பது ஒன்று. மாதம் இத்தனை நோயாளி என்று தனக்குக் கணக்கு வைக்கக் கூடாது என்பது மற்றது. சம்பளம் பற்றி அவர் இன்னும் பேசவே இல்லை என்று அண்ணாச்சிக்கு வருத்தம்.

கடிதம் இதுவரை வரவில்லை. நேற்று அண்ணாச்சி மறுபடி வந்து, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டு வைக்கலாமா என்று கேட்டார். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும், அவசரமில்லை, கடிதம் வந்த பிறகு பார்ப்போம் என்றேன்.

மகள் மட்டும் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் இரட்டைக் கோடு நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறாராம். இரவு டியூட்டி இல்லாத நாட்களில் அ, ஆ எழுதிப் பழகுகிறார். வாத்தியார் அண்ணாச்சிதான்.